கணினிக் கேள்வி பதில்: மேம்படுத்திய மறுநாள் காணாமற்போன பொதுச் சேமிப்பகம்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே முறையீட்டைக் கொண்டு வந்திருக்கின்றன. சர்வரையோ அலுவலகக் கணினிகளையோ புதிய பதிப்புக்கு உயர்த்தினார்கள். மறுநாள் காலையில் எல்லோரும் சேர்ந்து பயன்படுத்தும் சேமிப்பகம் திறக்க மறுத்துவிட்டது. வேலை நின்றுபோன பதற்றத்தில் சிலர் எடுத்த முடிவுகளைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இப்பகுதி முழுவதையும் இந்த ஒரு சிக்கலுக்கே தருகிறேன். கேட்டவர்களின் ஊரையும் பணியையும் மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் அச்சகத்தில் 9 கணினிகள் உள்ளன. வடிவமைப்புக் கோப்புகள் அனைத்தையும் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஒரு நாஸ் பெட்டியில் (வலையமைப்பில் இணைந்து எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் சேமிப்பகப் பெட்டி) வைத்திருக்கிறோம். ஆடிப்பெருக்கு முடிந்து நாட்காட்டி வேலை குவிந்து கிடக்கும் நேரத்தில் 4 கணினிகளை விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்புக்கு மாற்றினோம். அந்த நான்கிலும் பெட்டி திறக்கவில்லை. விண்டோஸ் 10 ப்ரோ உள்ள மற்ற ஐந்திலும் திறக்கிறது. பெட்டி பழுதாகிவிட்டது, புதிது வாங்குங்கள் என்று ஒருவர் சொல்கிறார். என்ன செய்வது? (அச்சகப் பொறுப்பாளர், சிவகாசி)

பதில்: ஐந்து கணினிகளில் திறக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அந்த ஒரு வரி பாதி விடையைத் தந்துவிட்டது. பெட்டி, அதன் வட்டுகள், சுவிட்ச் ஆகியவை நலமாகவே இருக்கின்றன. புதிதாக மாறிய நான்கு கணினிகளுக்கும் பெட்டிக்கும் இடையே நடக்கும் உடன்பாட்டுப் பேச்சுதான் முறிந்திருக்கிறது. எனவே பெட்டியைத் திறந்து வட்டுகளைக் கழற்றிப் பார்ப்பதோ, அதன் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும் பொத்தானை அழுத்துவதோ இப்போது தேவையில்லை. அவ்விரண்டையும் தயவுசெய்து செய்ய வேண்டாம்.

விண்டோஸ் கணினிகள் பொதுக் கோப்புறைகளை எஸ்எம்பி என்னும் நெறிமுறை வழியாகத் திறக்கின்றன. 2024 அக்டோபரில் வெளிவந்த 24எச்2 பதிப்பில் மைக்ரோசாஃப்ட் இதன் இரண்டு இயல்பு அமைப்புகளை மாற்றியது. முதலாவது, ப்ரோ உள்ளிட்ட அலுவலகப் பதிப்புகளில் ஒவ்வொரு எஸ்எம்பி இணைப்பும் கையொப்பமிடப்பட்டதாக இருக்க வேண்டும் என்பது கட்டாயமாயிற்று. வலையமைப்பில் செல்லும் ஒவ்வொரு தகவல் பொதியிலும் ஒரு முத்திரை பதித்து, அதை நடுவழியில் எவரும் மாற்றவில்லை என்று மறுமுனை சரிபார்த்துக்கொள்ளும் ஏற்பாடே இந்தக் கையொப்பம். இரண்டாவது, பயனர்பெயரோ கடவுச்சொல்லோ பொருந்தாதபோது சர்வர் 'விருந்தினர்' என்று ஏற்றுக்கொண்டு உள்ளே விட முன்வந்தால், அந்த வழியை விண்டோஸ் 11 ப்ரோ இனி ஏற்காது. உங்கள் ஐந்து பழைய கணினிகளில் இந்த இரு கட்டாயங்களும் இல்லை என்பதால் அவை வழக்கம்போல் திறக்கின்றன.

திரையில் வரும் செய்தியைச் சற்று நிதானமாகப் படித்தால் எந்த மாற்றம் உங்களைத் தடுக்கிறது என்பது தெரிந்துவிடும். கையொப்பம் செல்லாது என்னும் பொருளில் செய்தி வந்தால் பெட்டிக்குக் கையொப்பமிடத் தெரியவில்லை, அல்லது அந்த வசதி அதில் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அடையாளம் உறுதிசெய்யப்படாத விருந்தினர் அணுகலை நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது என்று வந்தால் இரண்டாவது காரணம். உங்கள் அச்சகத்தில் எந்த நிறுவனக் கொள்கையையும் எவரும் அமைத்திருக்கமாட்டீர்கள் என்பதால் அந்தச் செய்தி குழப்பத்தைத் தரும். விண்டோஸின் இயல்பு அமைப்பையே அது அப்படிக் குறிப்பிடுகிறது. வலையமைப்புப் பாதை கிடைக்கவில்லை என்னும் 53-ஆம் எண் பிழை வந்தால் காரணம் வேறாகவும் இருக்கலாம். அப்போது விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கட்டளைக்குப் பெட்டியின் ஐபி முகவரியையும் 445 என்னும் போர்ட் எண்ணையும் கொடுத்துப் பாருங்கள். பிங் பதில் தருவதை மட்டும் நம்பக் கூடாது; பெட்டி உயிரோடிருக்கிறது என்பதைத்தான் பிங் சொல்லும், கோப்புச் சேவையின் கதவு திறந்திருக்கிறதா என்பதை 445 தான் சொல்லும்.

இங்கே ஒரு நுணுக்கத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் பார்த்த அலுவலகங்களில் பெரும்பாலானவை இதில்தான் வழுக்கின. "நாங்கள் விருந்தினராக நுழைவதே இல்லை, எல்லோரும் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துத்தான் நுழைகிறோம்" என்று உறுதியாகச் சொல்வார்கள். பெட்டியின் பயனர் பட்டியலைத் திறந்து பார்த்தால் அந்தப் பெயரே அங்கு இருக்காது. பல நாஸ் பெட்டிகள் சாம்பா என்னும் மென்பொருளைக் கொண்டு இயங்குகின்றன. தெரியாத பெயரில் யார் வந்தாலும் விருந்தினராகச் சேர்த்துக்கொள் என்னும் அமைப்பு அவற்றில் இருக்கக்கூடும். அப்படியானால் இத்தனை ஆண்டுகளாக நீங்கள் தட்டச்சிட்ட பெயரைப் பெட்டி பொருட்படுத்தாமல், மறுப்பும் சொல்லாமல் உங்களை உள்ளே விட்டிருக்கிறது. கையொப்பத்துக்கான சாவி பயனரின் கடவுச்சொல்லை அடிப்படையாகக் கொண்டே உருவாகிறது. விருந்தினருக்குக் கடவுச்சொல் இல்லாததால் அவரால் கையொப்பமிடவும் இயலாது. ஆகையால் 24எச்2 இரண்டு வகையிலும் அவரை நிறுத்திவிடுகிறது.

தீர்வு பெரும்பாலும் ஒரு மணி நேர வேலைதான். விண்டோஸ் 10 கணினி ஒன்றிலிருந்து பெட்டியின் நிர்வாகப் பக்கத்துக்குள் சென்று, முதலில் கோப்புகள் அனைத்தையும் ஒரு வெளி வட்டில் பிரதியெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு தயாரிப்பாளர் வெளியிட்டுள்ள கடைசி ஃபெர்ம்வேரை (பெட்டிக்குள்ளேயே இயங்கும் மென்பொருள்) நிறுவுங்கள். எஸ்எம்பி 2, எஸ்எம்பி 3 ஆகியவற்றையும் கையொப்ப வசதியையும் இயக்குங்கள். பணியாளர் ஒவ்வொருவருக்கும் பெட்டியிலேயே ஒரு கணக்கும் கடவுச்சொல்லும் உருவாக்கி, கோப்புறை உரிமைகளை அந்தக் கணக்குகளுக்குக் கொடுங்கள். அதன்பின் ஒவ்வொரு கணினியிலும் கிரெடன்ஷியல் மேனேஜரைத் திறந்து, அந்தப் பெட்டிக்காகச் சேமித்திருக்கும் பழைய பெயரை அழித்துவிட்டுப் புதிய கணக்கில் இணையுங்கள். பழையதை அழிக்காமல் புதிய பெயரில் இணைய முயன்றால் 1219-ஆம் எண் பிழை வரக்கூடும். ஒரே சர்வரை ஒரே நேரத்தில் இரண்டு பயனர்பெயர்களில் அணுக விண்டோஸ் விடாது. விண்டோஸில் நுழையப் பயன்படுத்தும் நான்கிலக்கப் பின் எண்ணை நாஸ் பெட்டி அறியாது என்பதையும் பணியாளர்களிடம் சொல்லிவிடுங்கள்.

விண்டோஸ் பக்கத்தில் கையொப்பக் கட்டாயத்தையும் விருந்தினர் தடையையும் தளர்த்த வழி இருக்கிறது. விருந்தினர் தடையை மட்டும் நீக்கினால் போதாது, கையொப்பக் கட்டாயமும் இருக்கும்வரை கதவு திறக்காது. இரண்டையும் நீக்க வேண்டியிருக்கும். நாளை அனுப்ப வேண்டிய வேலை நின்றுவிட்டது என்னும் நெருக்கடியில் ஓரிரு நாளுக்கு அப்படிச் செய்வதை நான் குறை சொல்லமாட்டேன். அதையே நிலையான ஏற்பாடாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் பெட்டிக்கு எஸ்எம்பியின் முதற்பதிப்பைத் தவிர வேறொன்றும் தெரியாது என்றால் நிலைமை வேறு. 1983-இல் ஐபிஎம் நிறுவனத்தில் பேரி ஃபைகன்பாம் வடிவமைத்த நெறிமுறையின் வழிவந்தது அது. 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை, விண்டோஸின் எஸ்எம்பி 1 பகுதியிலிருந்த ஓட்டை வழியாகத்தான் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் பல அப்போது சிகிச்சைகளைத் தள்ளிவைக்க நேர்ந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து எஸ்எம்பி 1 இயல்பாக நிறுவப்படுவதில்லை. நாஸ் பெட்டிகள் நம்பியிருக்கும் சாம்பாவும் 2019-இல் வந்த 4.11 பதிப்பில் அதை இயல்பாக அணைத்துவிட்டது. இந்த வகைப் பெட்டிக்காகப் புதிய கணினிகளில் எஸ்எம்பி 1-ஐ மீண்டும் நிறுவச் சொல்லி ஆலோசனை வரும். ஏற்காதீர்கள். கோப்புகளைப் பழைய கணினி ஒன்றின் வழியாக வெளியே எடுத்துவிட்டுப் பெட்டிக்கு ஓய்வு கொடுங்கள். அந்த நிலையில் மட்டும் புதிய பெட்டி வாங்கச் சொன்னவரின் பேச்சு சரி.

கேள்வி: பெயரைத் தட்டச்சிட்டால் சர்வர் திறக்கிறது. ஆனால் நெட்வொர்க் என்னும் இடத்தில் முன்பு வரிசையாகத் தெரிந்த கணினிகளின் பட்டியல் இப்போது காலியாக இருக்கிறது. இணைப்பு போய்விட்டதா? (கூட்டுறவு வங்கி ஊழியர், கும்பகோணம்)

பதில்: இணைப்பு போகவில்லை. அந்தப் பட்டியலைத் தயாரித்துவந்த பழைய சேவை எஸ்எம்பி 1-ஐச் சார்ந்தது. அது நீங்கியதும் பட்டியலும் நின்றுவிட்டது. சர்வரின் பாதையை ஒரு டிரைவ் எழுத்தாகவோ மேசைத்திரையில் ஒரு குறுக்குவழியாகவோ வைத்துக்கொண்டால் போதும். பட்டியல் வேண்டும் என்பதற்காக எஸ்எம்பி 1-ஐத் திரும்பக் கொண்டுவர வேண்டாம்; ஒரு வங்கியில் அது அறவே கூடாது.

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் 40 லினக்ஸ் கணினிகள் ஒரு சர்வரிலிருந்து மாணவர்களின் கோப்புறைகளை என்எஃப்எஸ் (லினக்ஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரும் நெறிமுறை) வழியாகப் பெறுகின்றன. சர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்றி, கோப்புகளையும் புதிய வட்டுக்கு நகலெடுத்தோம். இப்போது சில கணினிகளில் 'ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்' என்று வருகிறது. சில, இயங்கத் தொடங்கும்போதே நின்றுவிடுகின்றன. இன்னும் சிலவற்றில் எல்லாக் கோப்புகளுக்கும் உரிமையாளர் 'நோபடி' என்று காட்டுகிறது. இணைப்பை 'சாஃப்ட்' முறைக்கு மாற்றினால் சரியாகும் என்று நண்பர் ஒருவர் கூறுகிறார். (ஆய்வகப் பொறுப்பாளர், திருநெல்வேலி)

பதில்: ஒரே நாளில் தோன்றியதால் இவை ஒரே நோயாகத் தோன்றுகின்றன, உண்மையில் மூன்று வேறு காரணங்கள். தனித்தனியே பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் எளிது.

முதலாவதை இப்படி நினைத்துப் பாருங்கள். பதிவாளர் அலுவலகத்தின் ஆவண அறையில் உங்களுக்கு வேண்டிய பத்திரம் எந்த அலமாரியில் எத்தனையாவது கட்டில் இருக்கிறது என்று ஒரு சீட்டில் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த முறை நீங்கள் பத்திரத்தின் பெயரைச் சொல்வதில்லை, சீட்டை நீட்டுகிறீர்கள். இடையில் ஆவணங்கள் அனைத்தும் புதிய கட்டடத்துக்குப் போய்ப் புதிய வரிசையில் அடுக்கப்பட்டுவிட்டால் அந்தச் சீட்டு எங்கும் செல்லாது. என்எஃப்எஸ்ஸும் அப்படித்தான். கோப்பமைப்பின் அடையாளத்தையும் அதற்குள் கோப்பின் அடையாள எண்ணான ஐநோடு எண்ணையும் சேர்த்து ஹேண்டில் என்னும் ஒரு கைப்பிடியைச் சர்வர் கொடுக்கிறது; கணினிகள் அதை நினைவில் வைத்திருக்கின்றன. நீங்கள் புதிய வட்டுக்கு நகலெடுத்தபோது கோப்புகள் அனைத்துக்கும் புதிய எண்கள் விழுந்தன. ஆகவே பழைய கைப்பிடியோடு காத்திருக்கும் கணினிகளில் அந்த இணைப்பை விடுவித்து மறுபடியும் இணைக்க வேண்டும். எந்த நிரலாவது கோப்பைப் பிடித்துக்கொண்டிருப்பதால் விடுவிக்க முடியவில்லை என்றால், ஆய்வகக் கணினிதானே, மறுதொடக்கம் செய்வதே குறுக்குவழி. இனி வட்டின் வரிசை மட்டும் மாறும் நாளில் இதே சிக்கல் வராதிருக்க, எதையெல்லாம் பகிர்வது என்று குறித்திருக்கும் சர்வரின் ஏற்றுமதிக் கோப்பில் அந்தக் கோப்பமைப்புக்கு எஃப்எஸ்ஐடி என்னும் நிலையான அடையாள எண்ணைக் குறித்துவைப்பது நல்லது.

தொடக்கத்திலேயே நின்றுவிடும் கணினிகளில் எந்தச் சேமிப்பகத்தை எப்படி இணைப்பது என்று குறித்திருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பைப் பாருங்கள். முற்காலத்தில் எழுதிய வரிகளில் யூடிபி (பொதி போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்காத கடத்தல் முறை) வழியாக இணையுமாறு குறித்திருப்பது அபூர்வமன்று. ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 2019-இல் வந்த 8-ஆம் பதிப்பிலிருந்து யூடிபி வழி என்எஃப்எஸ்ஸைக் கைவிட்டுவிட்டது. என்எஃப்எஸ் 4 பதிப்புக்கு யூடிபி எப்போதுமே இல்லை. அந்தக் குறிப்பை நீக்கினால் சரிபார்த்து அனுப்பும் டிசிபி வழியாக இணைந்துவிடும். அத்துடன், வலையமைப்பு எழுந்த பின்பே இணைக்க வேண்டும் என்னும் குறிப்பையும், இணைப்பு கிடைக்காவிட்டாலும் தொடக்கத்தை நிறுத்தாதே என்னும் 'நோஃபெயில்' குறிப்பையும் சேருங்கள். சேமிப்பகம் ஒருநாள் வராவிட்டாலும் கணினியாவது எழுந்து நிற்கும். உள்ளே நுழைந்து காரணத்தைத் தேட அது வேண்டும்.

மூன்றாவது, உரிமையாளர் சிக்கல். என்எஃப்எஸ் 4 பயனரைப் பெயரும் டொமைனும் (வலையமைப்பின் பெயர்) சேர்ந்த ஒரு சொல்லாக அனுப்பக்கூடியது. சர்வரில் பெயர்களைப் பயனர்களோடு பொருத்தும் ஐடிமேப் அமைப்பில் ஒரு டொமைன் பெயரும் கணினிகளில் வேறொன்றும் இருந்தால், இந்தப் பெயரை நான் அறியேன் என்று கணினி 'நோபடி' என்பவருக்குக் கொடுத்துவிடும். சர்வரைப் புதிதாக நிறுவும்போது பழைய ஐடிமேப் கோப்பு விடுபட்டுப்போவது இதற்கு வழக்கமான காரணம். இரு பக்கமும் ஒரே டொமைனை எழுதிச் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். 'நோபடி' என்று வராமல் ஒரு மாணவரின் கோப்பு வேறொரு மாணவரின் பெயரில் தெரிந்தால் அது இன்னும் கடுமையான நிலை. புதிய சர்வரில் பயனர் எண்கள் மாறிவிட்டன என்று பொருள். அப்போது எண்கள் ஒத்துவரும்வரை ஆய்வகத்தைத் திறக்க வேண்டாம். ஒருவரின் கோப்பை மற்றவர் திருத்திவிட்டால் பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு.

நண்பர் சொன்ன 'சாஃப்ட்' முறையைத் தவிருங்கள். இயல்பான 'ஹார்டு' முறையில் சர்வர் பதில் தராதபோது நிரல் காத்திருக்கிறது. நமக்கு எரிச்சலாக இருந்தாலும் எழுதிக்கொண்டிருந்த தகவல் சர்வர் திரும்பியதும் முழுமையாகப் போய்ச் சேரும். 'சாஃப்ட்' முறையில் குறிப்பிட்ட முயற்சிகளுக்குப் பின் பிழை என்று கைவிட்டுவிடும். அந்தப் பிழையைக் கவனிக்காத நிரல் எழுதி முடித்ததாகவே நினைத்து அடுத்த வேலைக்குப் போகும். கோப்பு பாதியில் நிற்கும். மாணவர்கள் ஒரு பருவம் முழுவதும் எழுதிய திட்டப்பணிகள் அங்கே இருக்கின்றன.

கடிதத்தின் பின்குறிப்பில், ஸ்கேனரின் விண்டோஸ் கோப்புறையை லினக்ஸ் சர்வரில் இணைக்கும்போது 112-ஆம் எண் பிழையுடன் 'ஹோஸ்ட் இஸ் டவுன்' என்று வருவதாகவும், பிங் சரியாகப் போவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். அந்தச் செய்தி அப்படியே நம்பத் தக்கதன்று. 2017-இல் வந்த 4.13 கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) முதல் லினக்ஸ் இத்தகைய இணைப்புகளுக்கு எஸ்எம்பி 1-ஐ இயல்பாகப் பயன்படுத்துவதில்லை. மறுமுனைக்கு அது மட்டுமே தெரிந்திருந்தால், எந்த மொழியில் பேசுவது என்னும் முதற்கட்டத்திலேயே பேச்சு முறிந்து, கணினி அணைந்திருப்பதாகச் செய்தி வருகிறது. சிவகாசி வாசகருக்குச் சொன்ன பதில் உங்கள் ஸ்கேனருக்கும் பொருந்தும்.

கேள்வி: மெய்நிகர் கணினிகளை இயக்கும் மூன்று விஎம்வேர் சர்வர்கள் ஐஸ்கஸி (வலையமைப்பு வழியாக வட்டுகளை வழங்கும் நெறிமுறை) வழியாக ஒரே சேமிப்பகத்தைப் பயன்படுத்துகின்றன. மெய்நிகர் கணினிகளை அணைத்துவிட்டு, ஒரே இரவில் சேமிப்பகத்தின் ஃபெர்ம்வேரை உயர்த்தினோம். முதல் சர்வரில் விஎம்வேரின் இயங்குதளமான ஈஎஸ்எக்ஸ்ஐ 6.7-ஐ நீக்கி 7.0-ஐப் புதிதாக நிறுவினோம். சேமிப்பகத்தை அது கண்டுபிடித்தது, ஆனால் ஒரு லன்கூட (சேமிப்பகம் வழங்கும் வட்டுப் பகுதி) தெரியவில்லை. சேமிப்பகப் பொறுப்பாளர் ஏதோ மாற்றியபின் லன் தெரிகிறது. அதில் மெய்நிகர் கணினிகளை வைத்திருக்கும் டேட்டாஸ்டோர் மட்டும் வரவில்லை. புதிய டேட்டாஸ்டோர் திரையில், பழைய சிக்னேச்சரை (டேட்டாஸ்டோரின் அடையாளம்) வைத்துக்கொள், புதிய சிக்னேச்சர் கொடு, வட்டை ஃபார்மட் செய் என்று மூன்று வாய்ப்புகள் நிற்கின்றன. எதைத் தேர்வது? (தகவல்தொழில்நுட்பப் பிரிவு, சென்னை)

பதில்: பொத்தானை அழுத்துவதற்கு முன் கடிதம் எழுதினீர்களே, அதற்கு மனமார்ந்த நன்றி. மூன்றாவது வாய்ப்பை எந்த நிலையிலும் தொடாதீர்கள். அது உள்ளேயிருக்கும் எல்லா மெய்நிகர் கணினிகளையும் அழித்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் உதவிக்குச் சென்ற ஒரு நிறுவனத்தில், மேம்படுத்திய விண்டோஸ் சர்வர் ஒன்று, இந்த வட்டைத் தொடங்கிவைக்க வேண்டும் என்று பணிவான தோற்றத்தில் ஒரு பெட்டியைக் காட்டியது. பணிக்கு வந்து சில மாதங்களே ஆன இளைஞர், கேட்கிறதே என்று சரி கொடுத்துவிட்டார். அது விஎம்வேரின் வட்டு. அதிலுள்ள விஎம்எஃப்எஸ் கோப்பமைப்பை விண்டோஸ் அறியாது. அதன் கண்ணுக்கு அது ஒன்றுமில்லாத புதிய வட்டு. பகிர்வு அட்டவணையின்மேல் புதிய அட்டவணை எழுதப்பட்டது. காப்புப் பிரதி இருந்ததால் மூன்றாம் நாள் பணி தொடர்ந்தது. அந்த இளைஞரைக் குற்றம் சொல்ல எனக்கு அன்றும் மனம் வரவில்லை, இன்றும் வரவில்லை; அந்த லன்னை அந்த விண்டோஸ் சர்வருக்குக் காட்டியிருக்கவே கூடாது.

உங்கள் இரவில் நடந்ததைப் பின்னோக்கிச் சொல்கிறேன். ஐஸ்கஸியில் ஒவ்வொரு சர்வருக்கும் ஐகியூஎன் என்னும் நீண்ட பெயர் உண்டு. இன்ன ஐகியூஎன்னுக்கு இன்ன லன் என்று சேமிப்பகத்தில் ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். மேம்படுத்தினால் பெயர் பொதுவாக நிலைத்திருக்கும். நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவினால் புதுப் பெயர் பிறக்கும். 3260 போர்ட்டில் சேமிப்பகம் அந்தப் புதியவரை வரவேற்கும், ஆனால் பட்டியலில் அவர் பெயருக்கு எதுவும் இல்லாததால் வெறுங்கையோடு அனுப்பும். சேமிப்பகம் தெரிகிறது, லன் தெரியவில்லை என்னும் அறிகுறி பெரும்பாலும் இதைத்தான் காட்டும். சேமிப்பகப் பொறுப்பாளர் புதிய பெயரைப் பட்டியலில் சேர்த்திருப்பார். அடுத்த இரு சர்வர்களைப் புதிதாக நிறுவுவதானால் பழைய ஐகியூஎன்னை முன்பே குறித்துவைத்து, நிறுவியபின் அதையே எழுதிவிடுங்கள்.

இனி டேட்டாஸ்டோர். விஎம்எஃப்எஸ் தான் வாழும் லன்னின் அடையாளத்தைத் தன் தலைப்பகுதியில் எழுதிவைத்துக்கொள்கிறது. ஃபெர்ம்வேர் உயர்வுக்குப் பின் அந்த லன் வேறு அடையாளத்தோடு தோன்றினால், இது மூலமா அதன் நகலா என்று ஈஎஸ்எக்ஸ்ஐக்கு ஐயம் வருகிறது. ஐயம் தீரும்வரை தானாக இணைக்காமல் உங்களிடம் கேட்கிறது. நகலும் மூலமும் ஒரே பெயரில் இணைந்துவிட்டால் தகவல் சிதையும் என்பதால் அது கேட்பது நியாயமே. எனவே சேமிப்பகத்தில் இந்த லன்னின் ஸ்னாப்ஷாட்டோ பிரதியோ இந்தச் சர்வர்களுக்குக் காட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். இது மட்டுமே மூலம் என்றால் பழைய சிக்னேச்சரை வைத்துக்கொண்டு இணையுங்கள். மெய்நிகர் கணினிகள் தத்தம் பாதையில் அப்படியே இருக்கும். புதிய சிக்னேச்சர் கொடுத்தாலும் தகவல் அழியாது, ஆனால் டேட்டாஸ்டோரின் அடையாளம் நிரந்தரமாக மாறி, ஒவ்வொரு மெய்நிகர் கணினியையும் மறுபடியும் பதிவுசெய்ய வேண்டியிருக்கும். திரும்பப் பெறவும் முடியாது. நகலைத் தனியே இணைக்க வேண்டியவர்களுக்கு உரிய வழி அது.

இணைந்த பின்பும் இரண்டு சோதனைகளைச் செய்யாமல் மெய்நிகர் கணினிகளை இயக்காதீர்கள். சேமிப்பக வலையமைப்பில் 9000 பைட் அளவுள்ள ஜம்போ பொதிகளைப் பயன்படுத்தினால், நிறுவியபின் அந்த அளவு 1500-க்குத் திரும்பியிருக்கலாம், அல்லது நடுவிலுள்ள ஒரு சுவிட்ச் போர்ட்டில் மட்டும் விடுபட்டிருக்கலாம். போர்ட்டில் விடுபட்டிருந்தால் சிறு பிங் அழகாகப் போகும், லன் பட்டியலும் தெரியும், பெரிய கோப்பு ஒன்றைத் திறந்தவுடன் எல்லாம் உறைந்து நிற்கும். ஆகவே விஎம்கேபிங் கட்டளையில், பொதியைத் துண்டாக்காதே என்னும் குறிப்போடு 8972 பைட் அனுப்பிப் பாருங்கள். ஐபி தலைப்புக்கு 20, ஐசிஎம்பி தலைப்புக்கு 8 என 28 பைட் சேர்ந்து 9000 ஆகும். மற்றொன்று பாதைகளின் எண்ணிக்கை. முன்பு லன் ஒன்றுக்கு நான்கு பாதைகள் இருந்து இப்போது ஒன்று மட்டும் திரும்பியிருந்தாலும் எல்லாம் இயங்கும், எவரும் கவனிக்கமாட்டார்கள். சில வாரங்கள் கழித்து அந்த ஒரு பாதை அறுந்தால், மேம்படுத்தலோடு தொடர்பே இல்லாத விபத்து போலத் தோன்றும்.

மற்ற இரு சர்வர்களுக்கு ஒரு முன்னெச்சரிக்கை: 2020-இல் வந்த 7.0 பதிப்பு, பழைய விஎம்கேலினக்ஸ் வகை டிரைவர்களை முற்றிலும் நீக்கிவிட்டது. அவற்றை நம்பியிருந்த பழைய வலையமைப்பு அட்டையோ சேமிப்பக அட்டையோ உங்களிடம் இருந்தால் நிறுவியபின் அது கண்ணுக்கே தெரியாது. மூன்றும் ஒரே மாதிரியான சர்வர்கள் என்று நினைத்து விட்டுவிடாமல், ஒவ்வொன்றின் அட்டைகளையும் விஎம்வேரின் பொருத்தப் பட்டியலில் சரிபாருங்கள்.

கேள்வி: கணக்கு மென்பொருள் இரவில் தானாக இசட் டிரைவில் காப்புப் பிரதி எடுக்கும். சர்வரை மேம்படுத்தியபின் பாதை இல்லை என்கிறது. நான் உள்ளே நுழைந்து பார்த்தால் இசட் டிரைவ் கண்முன் இருக்கிறது. (தணிக்கை அலுவலகம், மதுரை)

பதில்: டிரைவ் எழுத்து என்பது அதை உருவாக்கிய பயனரின் அமர்வுக்கு மட்டும் உரியது. உங்கள் இசட் உங்களுக்குத் தெரியும். வேறு கணக்கில் பின்னணியில் இயங்கும் சேவைக்குத் தெரியாது. மேம்படுத்தலின்போது அந்தச் சேவையோ இரவுப் பணியோ வேறு கணக்குக்கு மாறியிருக்க வேண்டும். மென்பொருளில் இசட் என்பதை நீக்கிச் சர்வர் பெயருடன் கூடிய முழுப் பாதையைக் கொடுங்கள். சேமிப்பகத்தில் உரிமையுள்ள ஒரு தனிக் கணக்கில் அந்தச் சேவையை இயக்குங்கள். எத்தனை இரவுகளாகப் பிரதி எடுக்கப்படவில்லை என்பதை இன்றே பார்த்து, ஒரு பிரதியைக் கையால் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: டொமைனில் (ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கப்படும் அலுவலக வலையமைப்பு) உள்ள எங்கள் கோப்புச் சர்வரை மேம்படுத்தியபின் பெயரைச் சொன்னால் மறுக்கிறது, ஐபி முகவரியைக் கொடுத்தால் திறக்கிறது. எல்லோருக்கும் ஐபி முகவரியையே கொடுத்துவிடலாமா? மேலும், அடுத்த மாதம் 30 கணினிகளை மாற்றப்போகிறோம். முன்கூட்டியே எதைக் கவனிக்க வேண்டும்? (பின்னலாடை நிறுவனம், திருப்பூர்)

பதில்: கொடுக்க வேண்டாம். பெயரைச் சொல்லும்போது டொமைன் கணினிகள் கெர்பரோஸ் முறையில் அடையாளத்தை உறுதிசெய்கின்றன. ஐபி முகவரியைக் கொடுத்தால் பொதுவாக என்டிஎல்எம் என்னும் பழைய, வலுக்குறைந்த முறைக்கு இறங்கிவிடுகின்றன. ஆகவே உங்கள் அறிகுறி இரண்டு இடங்களைச் சுட்டுகிறது: பெயர் பழைய முகவரிக்குப் போகிறது, அல்லது கெர்பரோஸ் முறிந்திருக்கிறது. பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் பதிவைப் பாருங்கள். அது சரியென்றால் கடிகாரத்தைப் பாருங்கள். சர்வருக்கும் டொமைனை நிர்வகிக்கும் டொமைன் கண்ட்ரோலருக்கும் 5 நிமிடத்துக்கு மேல் நேரம் வேறுபட்டால் கெர்பரோஸ் இயல்பாகவே மறுத்துவிடும். மெய்நிகர் சர்வராக இருந்து, தாங்கும் இயந்திரத்தின் நேரம் தவறியிருந்தால் மேம்படுத்திய இரவில் இது எளிதில் நடக்கும்.

முப்பது கணினிகளைப் பொறுத்தவரை, ஒன்றை மட்டும் முதலில் மாற்றுங்கள். அதுவும் எல்லாப் பொதுக் கோப்புறைகளையும் நாள்தோறும் தொடுகிற ஒருவரின் கணினியாக இருக்கட்டும். மாற்றுவதற்கு முன் பவர்ஷெல்லில் கெட்-எஸ்எம்பிகனெக்‌ஷன் கட்டளையை இயக்கினால் எந்தச் சர்வரோடு எந்த எஸ்எம்பி பதிப்பில், யார் பெயரில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது வரிசையாக வரும். அந்தப் பட்டியலில் 1.5 என்று ஒரு வரி இருந்தாலும் அது எஸ்எம்பி 1; அந்தச் சர்வரைச் சரிசெய்யாமல் ஒரு கணினியையும் மாற்றாதீர்கள். ஒரு வாரம் அந்தக் கணினி ஓடட்டும். விண்டோஸ் 11-இல் பழைய பதிப்புக்குத் திரும்பும் வாய்ப்பு இயல்பாக 10 நாள்களுக்கு மட்டுமே இருக்கும் என்பதால், மாதக் கடைசியில் மட்டும் இயங்கும் சம்பளப் பட்டியல் போன்ற வேலைகளை அந்தப் பத்து நாளுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.